குதிரைக் காலில் அடிபட்டால் குளிர்நீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்தால் வீங்கின கால்களுக்கும் சீசன்தான். ரேஸ் கோர்ஸில் ஓடுகிற குதிரைகள் ஒரு பக்கம், கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற மட்டக்குதிரைகள் மறுபக்கம். தார் ரோடு, சறுக்கும் மண், ஓயாத ஏற்ற இறக்கம் எல்லாமே காலைத்தான் பதம் பார்க்கின்றன. குதிரைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறோம்.

சொல் விளக்கம் இரண்டு. 'கணு' என்பது குளம்புக்கு மேலே வரும் முதல் பெரிய மூட்டு. 'பின்நரம்பு' என்று பேச்சில் சொல்வது, முட்டியிலிருந்து கணு வரை காலின் பின்புறமாக இறங்கும் தசைநாண்.

பச்சத்தண்ணி ஊத்துறதுல அப்படி என்னதான் நடக்குது?

அடிபட்ட இடத்தில் சின்ன இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசியும். அதுதான் வீக்கம். வீங்கினது பக்கத்தில் இருக்கிற நல்ல சதை, நாரையும் நெருக்கி, அடிபடாத இடத்தையும் கெடுக்கும். குளிர் பட்டால் குழாய்கள் சுருங்கும், கசிவு குறையும், வலியும் மந்தமாகும். குதிரைக்கு முட்டிக்குக் கீழே சதை என்று சொல்ல எதுவும் கிடையாது. தோல், அதற்கு அடியில் பின்நரம்பு, அடுத்தது எலும்பு. அதனால் மனிதத் தொடையில் ஐஸ் வைப்பதைவிட இங்கே குளிர் சீக்கிரம் உள்ளே இறங்கும். முழு வேகத்தில் ஓடும் குதிரையின் பின்நரம்பு உள்ளே 45 பாகை செல்சியஸ் வரை சூடேறுவதாக அளந்திருக்கிறார்கள். ஓடி வந்த காலைக் குளிரவைப்பதன் நியாயம் அதில் இருக்கிறது.

அறுந்த நார் தண்ணீரால் ஒட்டாது. முறிந்த எலும்பும் சேராது. முதல் மூன்று நாள் சேதம் பரவாமல் பிடித்து வைப்பது மட்டுமே தண்ணீரின் வேலை. கீழே வரும் பல பதில்கள் இதை வைத்துத்தான்.

அடிபட்டு எவ்வளவு நேரத்துக்குள்ள ஊத்தணும்?

கண்ட உடனே. முதல் ஒரு மணித்தியாலத்தில் ஊற்றுவதுபோல் மறுநாள் ஊற்றுவது வேலை செய்யாது. 48 முதல் 72 மணித்தியாலம் வரை குளிர் பயன்படும். அதற்குப் பிறகும் காலைத் தொட்டால் சுடுகிறது என்றால் இன்னும் ஓரிரு நாள் தொடரலாம். சூடு அடங்கி, வீக்கம் மட்டும் கல்லுப்போல் நிற்கிறது என்றால் குளிருக்கு அங்கே வேலையில்லை.

சூட்டை உள்ளங்கையால் பார்க்காதீர்கள். வேலை செய்து காய்த்த கைக்கு அது தெரியாது. புறங்கையை வைத்து, முட்டியிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். உடனே எதிர்க்காலிலும் அதே இடத்தில் வையுங்கள். வித்தியாசம்தான் முக்கியம். வெயிலில் நின்ற குதிரைக்கு நாலு காலும் சுடும்.

எத்தனை நிமிஷம்? ஒரு நாளைக்கு எத்தனை தரம்?

ஒரு தரத்துக்கு 20 நிமிடம். ஹோஸ் தண்ணீர் மட்டும் என்றால் 30 வரை போகலாம். இரண்டு தரத்துக்கு நடுவே குறைந்தது இரண்டு மணித்தியாலம் விடுங்கள். முதல் நாள் நாலு முதல் ஆறு தரம், பிறகு மூன்று நாலு தரம் போதும். ஐந்து நிமிடம் ஊற்றிவிட்டு 'ஊத்தியாச்சு' என்பதுதான் அதிகம் நடக்கிற பிழை. ஐந்து நிமிடத்தில் தோல் மட்டும் குளிரும், பின்நரம்பு சூடாகவே இருக்கும். மணிக்கூட்டைப் பாருங்கள்.

எங்க லயத்துப் பீலித் தண்ணியே ஐஸ் மாதிரி. அது போதாதா?

பெரும்பாலும் போதும். மலைநாட்டுக்காரருக்குக் கிடைத்த வசதி அது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஊற்றிலிருந்து பீலியில், அதாவது திறந்த குழாய் வாயில், நேரே வந்து விழும் தண்ணீர் கொழும்புக் குழாய்த் தண்ணீரைப்போல் இருக்காது. ஆனால் கையை நம்பாதீர்கள். விடியற்காலைக் குளிரில் எல்லாத் தண்ணீரும் ஐஸ்தான். ஒரு தர்மாமீட்டரை வைத்து மத்தியானத்திலும் அளந்து பாருங்கள். 15 பாகைக்குக் கீழே இருந்தால் நல்லது. வெயிலில் கிடக்கும் கறுப்புப் பைப்பில் வரும் தண்ணீர் முதல் சில நிமிடம் வெந்நீராகவே வரும். அதை வெளியே ஓடவிட்டுப் பிறகு காலுக்குப் பிடியுங்கள்.

ஓடும் தண்ணீருக்கு இன்னொரு பலம் உண்டு. வாளியில் அசையாமல் நிற்கும் தண்ணீரில், காலை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான படலம் உருவாகி, காலுக்குப் போர்வைபோல் ஆகிவிடும். ஓடும் தண்ணீர் அந்தப் படலத்தைக் கழுவிக்கொண்டே போகும். வாளிதான் இருக்கிறது என்றால் இடையிடையே கலக்கிவிடுங்கள்.

பீலிக்குக் கீழேயே குதிரையை நிப்பாட்டலாமா? இல்லன்னா ஹோஸ் வேணுமா?

பீலியடியில் பாசி பிடித்த கல்லும் சவர்க்காரத் தண்ணீரும் இருக்கும். நொண்டுகிற குதிரை அங்கே வழுக்கினால் மற்றக் காலும் போகும். குதிரையைத் தண்ணீருக்குக் கொண்டுபோகாமல் தண்ணீரைக் குதிரையிடம் கொண்டுவாருங்கள். மலைச்சரிவு இதற்கு உதவும். 200 லீற்றர் பீப்பா ஒன்றை இரண்டு மீற்றர் மேலே உள்ள திட்டில் வைத்து, அரை அங்குல ஹோஸை இறக்கினால் மோட்டர் தேவையில்லை. நிமிடத்துக்கு 8 லீற்றர் வந்தால் ஒரு பீப்பா 25 நிமிடம் தாங்கும், ஒரு தரத்துக்குச் சரியான அளவு. சரிபார்க்க 10 லீற்றர் வாளியைப் பிடியுங்கள். 75 செக்கனில் நிரம்பினால் கணக்குச் சரி. வேகமாக வந்தால் ஹோஸ் வாயைச் சற்று மடித்துக் கட்டுங்கள்.

குளம்பிலிருந்து தொடங்குங்கள். திடீரென்று முட்டியில் அடித்தால் குதிரை துள்ளும். ஒரு நிமிடம் குளம்பு, பிறகு கணு, அதன் பிறகு அடிபட்ட இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்து, தண்ணீரை வழிந்து இறங்கவிடுங்கள். பீய்ச்ச வேண்டியதில்லை. கயிற்றை இன்னொருவர் பிடிக்கட்டும், கம்பத்தில் இறுக்கிக் கட்ட வேண்டாம். ஹோஸ் பிடிப்பவர் குதிரையின் தோளோடு ஒட்டிப் பக்கவாட்டில் குந்தியிருக்கலாம், முழங்காலை மண்ணில் ஊன்றக்கூடாது. உதை வந்தால் எழும்ப நேரம் இருக்காது.

ஐஸ் வச்சா இன்னும் நல்லதா? எவ்வளவு வாங்கணும்?

நல்லதுதான். ஐஸும் தண்ணீரும் கலந்த குழம்பு, ஹோஸ் தண்ணீரைவிட ஆழமாகக் குளிரவைக்கும். வெறும் ஐஸ் கட்டியைக் காலில் கட்டுவதைவிடவும் அது மேல். கட்டி அங்கங்கேதான் தொடும், தண்ணீர் எல்லா இடத்தையும் தொடும். அளவு இப்படி: 16 பாகையில் உள்ள 20 லீற்றர் தண்ணீரை 4 பாகைக்கு இறக்க ஏறக்குறைய 3 கிலோ ஐஸ் உருக வேண்டும். குதிரைக் காலின் சூடும் வெளிச் சூடும் சேர்வதால் இன்னும் ஒன்றிரண்டு கிலோ பக்கத்தில் வையுங்கள். மீன் கடையில் வாங்கும் கட்டி ஐஸைச் சாக்கில் போட்டு நொறுக்கினால் சீக்கிரம் கரையும். அது அழுக்காக இருக்கும், காயம் உள்ள காலுக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக் போத்தல்களில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி இரவே உறையவைத்து, வாளிக்குள் போடுவது சிக்கனம். முழுக்க நிரப்பினால் போத்தல் வெடிக்கும். வாளிக்குள் கால் வைக்காத குதிரைக்கு, பழைய மோட்டார் டியூப்பில் ஒரு துண்டை வெட்டிக் காலில் மாட்டி, கணுவுக்குக் கீழே பட்டியால் கட்டி, மேல்வாயால் ஐஸ் குழம்பை ஊற்றலாம். கொஞ்சம் ஒழுகும், பரவாயில்லை. வாளி என்றால் கைப்பிடிக் கம்பியை முதலில் கழற்றிவிடுங்கள். குளம்பு அதில் மாட்டிக்கொண்டால் குதிரை வாளியோடு ஓடும்.

ஐஸ்ல உப்பு போட்டா கூடக் குளிருமே?

குளிரும், அதுதான் ஆபத்து. ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே போகவே போகாது. உப்பு சேர்ந்தால் போகும், தோல் உறைந்து செத்துப்போகும். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பையை நேரே தோலில் கட்டுவதும் அதே வகை. நடுவில் ஈரத்துணி ஒன்று இருக்கட்டும்.

ஈரச் சாக்கைக் காலைச் சுத்திக் கட்டிட்டு வேலைக்குப் போகலாமா?

கூடாது. ஈரத்துணி குளிரவைப்பது அதிலிருந்து நீர் ஆவியாகிப் போவதால். மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நுவரெலியாக் காற்றில் நீர் எங்கே ஆவியாகும்? பத்து நிமிடத்தில் சாக்கு கால் சூட்டுக்கு வந்து, ஒத்தடம் கொடுத்ததுபோல் ஆகிவிடும். குளிரவைக்க நினைத்துச் சூடுபடுத்துகிறீர்கள். உள்ளே வீக்கம் கூடினால் சாக்கு இறுகவும் செய்யும்.

வாவியில இல்லன்னா ஓடையில இறக்கி நிப்பாட்டுறது பழைய பழக்கம்தானே?

பழைய பழக்கம்தான், அடிபடாத குதிரைக்கு. வாவிக்கரைச் சேறு குளம்பைப் பிடித்திழுக்கும். பின்நரம்பு கிழிந்த குதிரை அந்தச் சேற்றிலிருந்து காலை உருவும்போதுதான் மிச்சமும் கிழியும். கரையோரத் தண்ணீர் பகலில் சூடாகவும் இருக்கும். சரளைக்கல் அடியும் தெளிந்த ஓட்டமும் உள்ள ஆழமில்லாத ஓடை, இறங்க நல்ல வழி, காயம் இல்லாத கால், இத்தனையும் சேர்ந்தால் யோசிக்கலாம். கூட இறங்குபவர் கால்வெடிப்பு, கீறலோடு இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் வரும் வழி அது.

ராத்திரி இந்தக் குளிருல ஊத்தினா குதிரைக்குச் சளி பிடிக்காதா? கால் இழுத்துக்காதா?

முட்டிக்குக் கீழே தண்ணீர் படுவதால் சளி வராது, கால் இழுத்துக்கொள்ளவும் செய்யாது. வயிறும் முதுகும் நனைந்து, காற்றில் நின்றால்தான் நடுக்கம் வரும். முதுகில் ஒரு கம்பளியைப் போட்டு, காற்றடிக்காத பக்கம் நிறுத்துங்கள். முடிந்ததும் காலைத் துவாயால் துடையுங்கள். சனவரி, பெப்ரவரியில் பனி உறையும் இரவுகளில் பத்து மணிக்கு ஒரு தரம், விடிந்ததும் அடுத்த தரம் என்று வைத்துக்கொண்டால் குதிரையும் தூங்கும், நீங்களும் தூங்கலாம்.

காயம் இருக்கு, ரத்தம் வருது. அப்பவும் ஊத்தலாமா?

இரத்தம் பீறிட்டால் முதலில் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்துங்கள், தண்ணீர் பிறகு. கசிவு மட்டும்தான் என்றால், சுத்தமான தண்ணீரை மெல்லிய ஓட்டத்தில் விட்டு மண்ணைக் கழுவுங்கள். ஐந்து பத்து நிமிடம் போதும். மேலே சொன்ன 20 நிமிடக் கணக்கு திறந்த காயத்துக்கு இல்லை. நீண்ட நேரம் ஊறினால் காயத்தின் ஓரம் வெளுத்து உப்பி, ஆறுவது தள்ளிப்போகும். வேகமாகப் பீய்ச்சினால் மண் இன்னும் உள்ளே போகும்.

காயம் சிறிதா பெரிதா என்பதைவிட எங்கே என்பதைப் பாருங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் ஆணி குத்தினது போன்ற சின்ன ஓட்டை, தொடையில் ஒரு சாண் கிழிசலைவிட மோசம். அதிலிருந்து எண்ணெய்போல் வழவழப்பான மஞ்சள் நீர் வந்தால் மூட்டு திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும். எந்தக் காயமானாலும் ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்பார். குதிரையை அந்த நோய் மற்ற மிருகங்களைவிட எளிதில் பிடிக்கும்.

தைலம் தேய்ச்சிட்டுத் தண்ணி ஊத்தினா ரெட்டைப் பலன்தானே?

இல்லை. கற்பூரம், புதினா உப்பு சேர்ந்த தைலம் குளிர்ச்சியான உணர்வைத் தரும், காலின் சூட்டைக் குறைக்காது. தேய்க்கும் கை புதிதாக அடிபட்ட இடத்தை நசுக்கவும் செய்யும். தைலத்துக்கு மேல் பெண்டேஜ் கட்டினால் தோல் வெந்து கொப்பளிக்கும். முதல் மூன்று நாள் எதையும் பூச வேண்டாம்.

ஊத்தி முடிச்ச உடனே பெண்டேஜ் கட்டவா?

துடைத்து, கால் முழுக்கக் காய்ந்த பிறகு. பஞ்சுத் தட்டை அல்லது மடித்த கம்பளியை ஒரு அங்குலத் தடிப்புக்குச் சுற்றி, அதன்மேல் பெண்டேஜ். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைப் பாதி மூட வேண்டும். இடது கால்களுக்கு, மேலிருந்து பார்க்கும்போது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில், வலது கால்களுக்கு முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். கட்டின பிறகு மேல் ஓரத்தில் ஒரு விரல் நுழைய வேண்டும். பஞ்சில்லாமல் வெறும் பெண்டேஜை இறுக்கினால், பின்நரம்பில் கயிறு கட்டினதுபோல் ஒரு பள்ளம் விழும். காலில் அடிபட்டதைவிடக் கட்டினதால் கெட்ட கால்கள் கொஞ்சமல்ல. அடுத்த தரம் ஊற்ற அவிழ்க்கும்போது தடம் பதிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

காலைல பார்த்தா பின்னங்கால் ரெண்டும் பொத பொதன்னு வீங்கியிருக்கு. நொண்டல் இல்ல. ஊத்தணுமா?

தேவையில்லை. இரவு முழுக்க ஒரே இடத்தில் நின்றதால் இறங்கின நீர் அது. விரலால் அழுத்தினால் குழி விழும், சுடாது, இரண்டு காலிலும் ஒரேயளவாக இருக்கும். பத்து நிமிடம் நடத்தினால் வடியும். நடத்தியும் வடியாமல், ஒரு காலில் மட்டும், சூடாக, தொட்டால் இழுத்துக்கொண்டால் அது வேறு.

எந்தக் கட்டத்துல தண்ணிய வச்சிட்டு டொக்டருக்குப் போன் பண்ணணும்?

காலை ஊன்றவே மாட்டேன் என்றால், கால் இயல்பில்லாத கோணத்தில் வளைந்தால், காயம் மூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், கணு தரையை நோக்கித் தாழ்ந்தால், உடல் சூடு 38.5 பாகையைத் தாண்டினால் உடனே. ஓய்வில் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. அரை மணித்தியாலம் அமைதியாக நின்ற பிறகும் 60 இருந்தால் வலி பெரிது. ஊன்றாத காலோடு குதிரையை நடத்திக்கொண்டு போகாதீர்கள், டொக்டரை அங்கே வரச்செய்யுங்கள். ஊர்க் கால்நடை வைத்தியர் பெரும்பாலும் மாடு பார்க்கிறவர்தான், ஆனாலும் முதலுதவிக்கு அவரே போதும். ஸ்கேன், எக்ஸ்ரே தேவைப்பட்டால் பேராதனையில் உள்ள கால்நடை மருத்துவ பீடத்துக்கு அனுப்புவது பற்றி அவரிடமே கேளுங்கள். மலைப்பாதையில் லொறி ஏற்றுவதற்கு முன் காலுக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை.

வரும்வரை ஊற்றிக்கொண்டிருக்கலாம். கால் வளைந்திருந்தால் மட்டும் ஊற்றவும் வேண்டாம், அசைக்கவும் வேண்டாம்.

காலுல ஒண்ணுமில்ல, குளம்புதான் சுடுது. அதுக்கும் இதேதானா?

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரே ஒரு குளம்பு சுட்டு, திடீரென்று கடுமையாக நொண்டினால் பெரும்பாலும் உள்ளே சீழ். அதற்குக் குளிர் உதவாது. லாடக்காரரோ டொக்டரோ திறந்து சீழை வெளியேற்ற வேண்டும். பிறகு வெதுவெதுப்பான எப்சம் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள்.

முன்னங்குளம்பு இரண்டும் சுட்டு, குதிரை முன்கால்களை நீட்டிக் குதிகாலில் பாரத்தைப் போட்டு நிற்கிறதா? கணுவின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரல் வைத்தால் நாடி தட்டுகிறதா? நல்ல குதிரைக்கு அந்த நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது குளம்பழற்சி, அதாவது குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் படலம் அழன்றுபோவது. கொழுத்த மட்டக்குதிரைக்கு, சீசனில் வருகிறவர்கள் பாணும் சீனியும் அள்ளிக் கொடுக்கும் நாட்களில் வரும். இங்கே 20 நிமிடக் கணக்கு செல்லாது. குளம்பிலிருந்து முட்டிக்குச் சற்றுக் கீழே வரை, ஐஸ் குழம்பில் இடைவிடாமல் 48 முதல் 72 மணித்தியாலம் வைக்க வேண்டும். குளம்பின் மேற்பரப்பு 10 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். குதிரைக் கால் இதைத் தாங்கும் என்று அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. உப்புப் போடாத ஐஸாக இருக்க வேண்டும், தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். டொக்டர் வரும்வரை நீங்கள் தொடங்கி வைக்கலாம். அந்தக் குதிரையை நடத்தாதீர்கள்.

நாலு நாளா ஊத்தினதுல குதிகால் மடிப்புல சொறி மாதிரி வந்திருச்சி.

ஈரம் காயாமல் நின்றதால் வந்த சேற்றுப்புண். ஊற்றுவதற்கு முன் மடிப்பில் கொஞ்சம் வஸ்லின் பூசுங்கள், முடிந்ததும் மடிப்புக்குள் துவாயை விட்டு ஒற்றி எடுங்கள். பொருக்கைப் பிய்க்க வேண்டாம். வந்த பிறகு அதன்மேல் வஸ்லின் பூசினால் உள்ளே கிருமியை மூடி வைத்ததாகும். காயவிட்டு, டொக்டர் தரும் மருந்தைப் போடுங்கள். தொடர்ந்து ஊறும் குளம்பில் லாட ஆணியும் தளரும், ஆட்டிப் பாருங்கள்.

மூணு நாள்ல நொண்டல் போயிருச்சி. சனிக்கிழமை சவாரிக்கு விடலாமா?

சனிக்கிழமை வருமானம் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பதில் இல்லை என்பதுதான். போனது வலியும் வீக்கமும். நார் அறுந்திருந்தால் அறுந்தபடியே இருக்கும். பின்நரம்பு கிழிந்த குதிரை முழு வேலைக்குத் திரும்ப 9 முதல் 12 மாதம் ஆகும். கிழிந்ததா, வெறும் அடியா என்பது ஸ்கேனில்தான் தெளிவாகும். அதுவும் அடிபட்ட அன்றே எடுத்தால் முழுச் சேதமும் தெரியாது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து எடுப்பது நல்லது. அதுவரை கொட்டிலில் ஓய்வு. டொக்டர் சம்மதித்தால் மட்டும் சமதரையில் கையில் பிடித்து ஐந்து பத்து நிமிட நடை.

ஓட்டத்துக்கு முந்தி காலை ஐஸ்ல வச்சா நல்லா ஓடும்னு சொல்றாங்களே?

நன்றாக ஓடுவதுபோல் தெரியும். மேலே சொன்ன அதே குளிர் அங்கே வலியை மறைத்துவிடுகிறது. வலி இருந்தால் குதிரை காலை அளந்து வைக்கும், மரத்துப் போனால் முழுப் பாரத்தையும் போடும். முடிமயிர் அளவு வெடித்த எலும்பு அந்த ஓட்டத்தில் இரண்டாக முறியலாம், மேலே இருக்கிறவரும் விழுவார். ஐஸ் தேவைப்படும் கால் ஓடத் தகுதியான கால் இல்லை. ஓட்டம் முடிந்த பிறகு, நல்ல கால்களையே 20 நிமிடம் குளிரவைப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்பு நாலு காலையும் புறங்கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். குளிரவைத்த பிறகு தேடினால் எந்தக் கால் சுட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.